மாதா மரத்தில் ஒட்டிய சிப்பிகள்

நேற்று காலை நடையில் நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டீர்கள். நான் மட்டும் பூங்காவின் மூலையில் பட்டுப்போய் நிற்கும் வாகை மரத்தடியில் நின்றுவிட்டேன். "என்ன, முட்டு பிடிச்சிக்கிட்டா?" என்று திரும்பி வந்தீர்கள். நம் வயதில் ஒருத்தி பாதி வழியில் நின்றால் வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது மரத்தின் அடியில், முழங்கால் உயரத்தில், பாதித் தட்டைச் செருகி வைத்ததுபோல் நீட்டிக்கொண்டிருந்த ஒன்றை. உங்களில் ஒருவர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். கட்டையைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. "சிப்பி மாதிரில்லா இருக்கு. மரத்துல எவன் கொண்டாந்து ஒட்டுனான்?" என்றார்.

வெயில் ஏறிவிட்டதால் அப்போது பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனசு அதிலேயே நின்றது. எனக்குப் பதினொரு வயதில் ஒரு ஊரே இதே கேள்வியைக் கேட்டது. ஊரே சேர்ந்து தப்பான பதிலையும் சொன்னது. அதை உங்களுக்கு எழுதியே தந்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வேம்பாருக்குத் தெற்கே, பஸ் போகிற சாலையிலிருந்து ஒரு கல் தொலைவு உள்ளே தள்ளிக் கடலோரத்தில் இருந்தது. பெயர் வேண்டாம், அன்று அங்கே நின்றவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அப்பா சங்கு குளிக்கிறவர். முத்துக்குளிப்புச் சலாபம் நடந்த வருடங்களில் முத்துச் சிப்பியும் அள்ளியவர். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு சிப்பியைக் கையில் கொடுத்தால், அதன் பெயர், அது கிடந்த ஆழம், அடியில் மணலா பாறையா என்பதுவரை சொல்லிவிடுவார். சிப்பி விஷயத்தில் அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

அம்மா விளாத்திகுளம் பக்கத்துக்காரி. கடலைக் கல்யாணத்துக்கு முன்னால் அவள் பார்த்ததில்லை. பதின்மூன்று வருடம் எங்கள் ஊரில் குடித்தனம் செய்த பிறகும் அவளுக்குப் பெயர் கரிசக்காட்டுக்காரிதான். அவளிடம் நேரே பேசும்போது யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் சொல்வார்கள். அவளுக்கு ஒரு விறகுக்கடை இருந்தது. மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், மாதம் இரண்டு முறை வண்டியில் விறகு கொண்டுவந்து இறக்குவார். ஒடை, வேம்பு, புளி, எப்போதாவது வாகை. கடலுக்குப் போகிற வீடுகள் அத்தனையிலும் எரிந்தது அவள் விறகுதான்.

அந்தக் கடையின் வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. கோடையில் உலர்ந்த பட்டையும் எறும்பும் சேர்ந்த ஒரு காரமான வாசனை. மழைக்காலத்தில் புளித்த மாவு வாசனை. உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட பெரிய தராசு. அதன் இரும்புப் படிக்கல் ஒன்று எப்போதோ தொலைந்துபோய், அதே எடைக்கு ஒரு கருங்கல்லைத் தேடி, அதில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் வந்திறங்கிய விறகைப் பிரித்து அடுக்குவது என் வேலை.

சில கட்டைகளில் நீங்கள் நேற்றுப் பார்த்தது போன்ற பாதித் தட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா அதற்கு எந்தப் பெயரும் சொன்னதில்லை, வெறுமனே தட்டு என்பாள்.

"தட்டு இருக்கு பாரு, தனியாப் போடு."

"ஏம்மா?"

"எடை நிக்காது. எரிச்சா கரி நிக்காது. வாங்கிட்டுப் போனவ நாளைக்கு வந்து சண்டைக்கு நிப்பா."

அவ்வளவுதான் அவள் சொன்னது. மிச்சத்தை நானாகக் கண்டுபிடித்தேன். மழைக்காலத்தில் ஈர விறகில் அது காளானைப் போல வெள்ளை மொட்டாக முளைத்து வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டுகளை உடைத்தெடுத்து ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் சேர்ப்பேன். மேல்பக்கம் பழுப்பு, வளையம் வளையமாக வரி, ஓரத்தில் மட்டும் வெள்ளை. திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்த காகிதம் மாதிரி. கண்ணருகே வைத்துப் பார்த்தால் காகிதம் முழுக்க ஊசியால் குத்தியதுபோலத் துளை. ஈரம் காயாத தட்டின் அடியில் ஆணியால் கீறினால் பழுப்பாகக் கோடு விழும், அழியாது. அதில் மீன் வரைவேன், தோணி வரைவேன். சில தட்டுகளின் மேல் மல்லிப்பொடியைத் தூவியதுபோல் பழுப்புத் தூள் படிந்திருக்கும். விரலில் ஒட்டினால் பாவாடையில் துடைத்து அடி வாங்குவேன். அந்தப் பெட்டியைக் கடையில் விறகுக்குப் பின்னால்தான் வைத்திருந்தேன். அப்பா விறகுக்கடைப் பக்கம் வரவே மாட்டார். கடலில் இல்லாத நேரம் கரையில் இருப்பார், கரையில் இல்லாத நேரம் வீட்டில் தூங்குவார்.

அந்த வருடம் ஐப்பசியில் விடாமல் மழை. நான்கு நாள் ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் கரைக்குப் போனவர்கள் ஓடி வந்து சொன்னார்கள், பெரிய மரம் ஒன்று ஒதுங்கியிருக்கிறது என்று.

எல்லோரும் போய்ப் பார்த்தோம். கிளை கிடையாது, பட்டை பெரும்பாலும் உரிந்துபோயிருந்தது. நேராக, நீளமாக, மணலில் படுத்துக்கிடந்தது. முந்தின வருடக் காற்றில் மாதா கோயில் கொடிமரம் ஒடிந்துபோய், புதிது போட வழியில்லாமல் ஊர் தவித்துக்கொண்டிருந்த நேரம். திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஊர்த் தலைவர் மரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை காலால் அளந்து நடந்தார். பிறகு தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "மாதா குடுத்துட்டா" என்றார்.

மரத்தின் ஒரு பக்கத்தில் வரிசையாகப் பிறை பிறையாக ஒட்டிக்கொண்டிருந்தன. சில சோற்றுத் தட்டு அளவு, சில உள்ளங்கை அளவு. உப்பு படிந்து, பாசி படிந்து, பார்த்த மாத்திரத்தில் சிப்பி என்றுதான் தோன்றும்.

"இது என்ன சிப்பி, வே?" என்று தலைவர் அப்பாவைக் கேட்டார்.

அப்பா குனிந்து பெருவிரலால் ஒரு வரியைத் தடவினார். நகத்தால் சுரண்டினார். முப்பது நாற்பது பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நம்ம கடல்ல உள்ளது இல்ல, அண்ணாச்சி. ஆழக்கடல் சாதி. வரியப் பாருங்க, வருசத்துக்கு ஒண்ணு. அப்பம் மரம் பத்து வருசமாவது தண்ணிக்குள்ள கெடந்திருக்கு. அத்தன வருசம் உப்புத் தண்ணியில கெடந்தும் உளுக்கலைன்னா, இது மரம் இல்ல, இரும்பு."

எனக்கு இன்று வியப்பாக இருப்பது, அதில் பாதி சரி என்பதுதான். வரி வரியாக வளர்ந்ததை அவர் கை சரியாகவே படித்தது. என்ன வளர்ந்தது என்பதில்தான் தப்பினார். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்த கப்பலிலிருந்து விழுந்த பர்மாத் தேக்கு என்று இன்னொருவர் சொன்னார். சாயங்காலத்துக்குள் அது பத்து வருடம் மாதா கடலுக்கடியில் காத்து வைத்திருந்த தேக்கு என்று ஆகிவிட்டது. பெண்கள் வந்து தொட்டுக் கும்பிட்டார்கள்.

நானும் தொட்டேன். தொட்டதுமே என் கைக்குத் தெரிந்துவிட்டது. விறகுக்கடையில் தினமும் தொடுகிற அதே வழுவழுப்பு, சிப்பியில் இருக்கிற குளிர்ச்சி இல்லாத ஒன்று. விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றை ஆட்டி எடுத்துப் பாவாடையில் மறைத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். தகரப்பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாசியைத் துடைத்தால் அதே பழுப்பு. திருப்பினால் அதே ஊசித்துளை.

மத்தியானம் சோறு உண்ணும்போது அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, அது சிப்பி இல்ல. விறகுல மொளைக்கும்லா, காளான், அது."

அப்பா சிரித்தார். "காளான் கொடை மாதிரி இருக்கும்ளா. தொட்டா ஒடிஞ்சிரும். இது கல்லு மாதிரி இருக்கு."

"இது வேற காளான். மரத்துல ஒட்டிக்கிட்டு வாரது. நம்ம கடையில கெடக்கு, கொண்டு வந்து காட்டட்டா?"

அவர் கை சோற்றில் நின்றது. "ஏளா, நான் சின்ன வயசுல இருந்து கடலுக்குள்ள கெடக்கேன். ஊரு முன்னால ஒரு சொல்லு சொல்லிருக்கேன். நீ விறகக் காட்டி எனக்குச் சிப்பி சொல்லித் தாரியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் குழம்பை எடுத்து வைத்தாள், ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த கோபம் அப்பாமேல்கூட வரவில்லை. தட்டு என்று சொல்லித் தனியாகப் போடச் சொன்னதே அவள்தானே? மரத்தைப் பார்த்த நிமிடமே அவளுக்குத் தெரிந்திருக்கும். கடல்காரர்கள் நடுவில் கரிசக்காட்டுக்காரி வாய் திறந்து, அதுவும் புருஷன் சொன்னது தப்பு என்று சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்று அவள் கணக்குப் போட்டிருப்பாள். அது எனக்குப் புரிய நானும் ஒரு வேற்று ஊருக்கு வாழப்போக வேண்டியிருந்தது.

மறுநாள் ஆட்கள் மரத்தை உருட்டிக் கோயில் முன்னால் கொண்டுவந்து கட்டைகள்மேல் கிடத்தினார்கள். தட்டுகளைச் செதுக்கி எடுக்க ஆரம்பிக்கும் முன்னால் நான் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எல்லாத் தட்டுகளின் துளைப்பக்கமும் ஒரே திசையைப் பார்த்திருந்தது, மரத்தின் தடித்த அடிமுனையை. ஒன்றுகூட மாறி இல்லை. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தலையைச் சாய்த்து, மரம் நிற்பது போல நினைத்துப் பார்த்தேன். சடாரென்று விளங்கியது. மரம் நின்றால் அத்தனை தட்டும் தரைக்குச் சமமாக, துளை கீழே பார்த்து, சுவரில் அடித்த பலகை மாதிரி இருக்கும். கடலில் புரண்டு புரண்டு கிடந்த மரத்தில் ஒட்டிய சிப்பிக்கு மேல் எது, கீழ் எது என்று எப்படித் தெரியும்? இவை மரம் கரையில் நின்றபோதே வளர்ந்தவை.

இன்னொன்றும் கிடைத்தது. ஒரு தட்டின் நடுவில் காய்ந்த கொடித்தண்டு ஒன்று உள்ளே நுழைந்து வெளியே வந்திருந்தது. தட்டு வளரும்போது பக்கத்தில் இருந்த கொடியையும் சேர்த்து விழுங்கி வளர்ந்திருக்கிறது. அதை உடையாமல் பெயர்த்து எடுத்துக்கொண்டேன்.

இதற்குள் இன்னொரு செய்தி வந்தது. கொடிமரம் நட்டதும் உச்சியில் ஏறிக் கப்பியும் கயிறும் மாட்டுகிற வேலை அப்பாவின் தம்பிக்கு, என் சித்தப்பாவுக்கு. இருபது வயது. அந்த வருடம்தான் முதல்முறை அவருக்கு அந்தப் பெருமை. மரத்தில் மீனெண்ணெய் பூசிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"சித்தப்பா, நீங்க இதுல ஏறாதீங்க. உள்ள உளுத்திருக்கும்."

அவர் உளியால் மரத்தைத் தட்டிக் காட்டினார். கெட்டியாகத்தான் கேட்டது. "நான் ஏறலைன்னா வேற எவனாவது ஏறுவான்ளா. அவனும் யாருக்காச்சும் சித்தப்பாதான்."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். நான் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதுவரை அப்பாவுக்குத் தெரிந்தால் போதும், சித்தப்பா ஏறாமல் இருந்தால் போதும் என்றிருந்தேன். இனி ஊருக்கே சொல்லியாக வேண்டும்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டைப் போட்டேன், அப்பா வைத்திருந்த முத்துச் சிப்பி ஓடு ஒன்று, மரத்திலிருந்து எடுத்த தட்டு ஒன்று. ஓடு அடியில் போய்ப் படுத்தது. தட்டு மிதந்தது. அப்பா கால் கழுவ வரும்போது பார்க்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் தட்டு தண்ணீருக்கு அடியில் கிடந்தது. அதன்மேல் ஒரு கல். அப்பாவுக்கு என்மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்து அழுதேன்.

அப்பா காலமான பிறகு ஒருநாள் அம்மா சொன்னாள். அன்று அப்பா அந்தத் தொட்டிப் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். தட்டை விரலால் அமுக்குவாராம். அது மேலே வருமாம். மறுபடி அமுக்குவாராம். கடைசியில்தான் கல்லைத் தூக்கி வைத்தாராம். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஊர் முன்னால் விட்ட சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மரத்தை மந்திரித்து நடுவதாக ஏற்பாடு. பங்குச் சாமியார் சைக்கிளில் வந்திருந்தார். மரம் எண்ணெய் மினுக்கோடு மாலை போட்டுக்கொண்டு கிடந்தது. குழி தோண்டி வடம் எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். சாமியாருக்கு உதவுகிற உபதேசியார் கையில் தூபக்கலசம், உள்ளே தணல் கனகனவென்று இருந்தது. சாம்பிராணிக் கிண்ணத்தைச் சாமியாரிடம் நீட்டப்போன நேரம் நான் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தேன். எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். கால் நடந்தது, நான் அதன் பின்னால் போனேன்.

"சாமி, அதுல இத ரெண்டையும் போடட்டுமா?"

ஒரு கையில் முத்துச் சிப்பி ஓட்டின் துண்டு, மறு கையில் தட்டின் துண்டு. உபதேசியார் என்னை விலக்கக் கையை நீட்டினார். சாமியார் தடுத்தார்.

"எதுக்கும்மா?"

"சிப்பின்னா எரியாது, சாமி."

அவர் என் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கலசத்தின் மூடியை அவரே தூக்கினார். "போடு."

ஓடு தணலில் விழுந்து இரண்டு முறை வெடித்தது. வெளுத்து அப்படியே கிடந்தது. தட்டின் விளிம்பில் மெல்லச் சிவப்பு ஏறியது. சாமியார் ஊதினார். கட்டைக்கரி மாதிரி கனன்று புகைந்தது. புகையில் விறகு வாசனை. எங்கள் ஊரில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு நீற்றாத வீடு கிடையாது. சிப்பி தீயில் என்ன செய்யும் என்று யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முன்வரிசையில் நின்ற அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் முன்னால் வந்தார். "சரி, சிப்பி இல்ல. என்னமோ ஒண்ணு. மேல ஒட்டுனது என்னவா இருந்தா என்ன? மரம் வைரமா இருக்கு. தட்டிப் பாருங்க, சாமி."

"காளான், அண்ணாச்சி" என்றேன். "இது கடல்ல மொளைக்கல. செதுக்குன தழும்பு இருக்குல்லா, அத்தனையும் எங்கன பாத்து வளைஞ்சிருக்குன்னு பாருங்க. எல்லாம் அடிப்பக்கம் பாத்திருக்கு. மரம் நிக்கும்போது மொளைச்சது. இன்னா, இதுக்குள்ள கொடித்தண்டு இருக்கு. கடல்ல ஏது கொடி?"

சித்தப்பாதான் முதலில் மரத்தைச் சுற்றி நடந்து தழும்புகளைப் பார்த்தார். பிறகு இன்னும் நாலு பேர்.

"செத்த மரத்துலதான் இது வரும். உள்ள இருக்கதத் தின்னுட்டுத்தான் வெளிய தட்டு வைக்கும்" என்றேன்.

"இத யாரு உனக்குச் சொன்னா?" என்றார் தலைவர்.

நான் அம்மாவைத் தேடித் திரும்பினேன். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பதின்மூன்று வருடத்தில் அந்தக் கோயில் முன்னால் செபம் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத குரல்.

"அவ சொல்லுதது சரிதான். என் கடையில தட்டு வச்ச விறக எடை போட மாட்டேன். ஒரு துளை போட்டுப் பாத்திருங்க. தப்பா இருந்தா எங்க ரெண்டு பேரையும் என்னவும் சொல்லுங்க."

துளை போட்டால் மாதா கொடுத்ததைச் சந்தேகப்பட்டதாகும். போடாவிட்டால் ஒருவன் ஏறியாக வேண்டும். சாமியாரும் தலைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா நிமிர்ந்தார். வேகமாக நடந்து, வள்ளம் கட்டுகிறவர்களின் சாமான் பெட்டியிலிருந்து பலகைக்குத் துளை போடுகிற நீளமான தமரூசியை எடுத்து வந்தார். மாலையை ஒதுக்கினார். மரத்தின்மேல் ஒரு காலை மடித்து ஊன்றித் திருக ஆரம்பித்தார். முதலில் பழுப்பு மரத்தூள் சுருள் சுருளாக வந்தது. மரம் முனகியது. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அரைச் சாண் இறங்கும்வரை இரும்பு மாதிரிதான் இருந்தது. தலைவர் ஏதோ சொல்லப்போனார்.

அப்போது தமரூசி, தோய்ந்த ரொட்டியில் விரல் இறங்குவதுபோல, ஒரே இறக்கமாகக் கைப்பிடிவரை உள்ளே போயிற்று. அப்பா தடுமாறி மரத்தின்மேலேயே விழுந்தார்.

அவர் எழுந்து தமரூசியை உருவினார். நுனியில் வெள்ளை வெள்ளையாக, நாராக, ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதை உள்ளங்கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கையை அப்படியே நீட்டி ஊருக்குக் காட்டினார்.

"நான் சொன்னது தப்பு. என் மக சொன்னதுதான் சரி."

நண்பர்களே, அதன் பிறகு நான் தபால் ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். பாராட்டுப் பத்திரம் வாங்கியிருக்கிறேன், மாலை வாங்கியிருக்கிறேன். அந்த இரண்டு வரிக்கு ஈடாக ஒன்றும் வாங்கியதில்லை.

மரத்தை அன்றே வாள் போட்டு அறுத்தார்கள். நடுவில் என் கை தோள்வரை நுழைகிற அளவுக்குப் பொந்து. சுற்றிலும் வெள்ளையாகச் செத்தை. அறுத்த ஆள் பார்த்துவிட்டு, தேக்கே இல்லை, ஆற்றங்கரை மருது, நின்றபடியே பட்டு எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், வெள்ளம் கொண்டுவந்து கடலில் தள்ளியிருக்கும் என்றார். சித்தப்பா அந்தப் பொந்தைக் குனிந்து பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கையில் மீனெண்ணெய் நாற்றம். "ஏறிருப்பேன்ளா" என்றார்.

"அப்பம் மாதா இத எதுக்கு நம்ம கரைக்கு அனுப்பிச்சா?" என்று யாரோ ஒரு கிழவி கேட்டாள்.

"அடுப்புக்கு அனுப்பிச்சிருப்பா" என்றாள் அம்மா. சாமியார்தான் முதலில் சிரித்தார்.

அன்று மாலையே தலைவர் விறகுக்கடைக்கு வந்தார். அதற்கு முன்னால் அவர் அங்கே கால் வைத்ததில்லை. உட்கார இடம் தேடி, புளிய விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்தார்.

"உங்க அண்ணன்கிட்ட நல்ல உசரமான பனை இருக்குமா?"

"இருக்கும், அண்ணாச்சி. ஆனா நான் போயிப் பாக்காம எடுக்கப்பிடாது."

"நீதான் போவணும். உன்ன விட்டா ஊர்ல யாருக்கு மரம் தெரியும்?"

அம்மாவும் அப்பாவும் நானும் மறுநாள் பஸ் ஏறி விளாத்திகுளம் போனோம். மாமா காட்டில் பனைகளுக்கு நடுவில் அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டுக்கொண்டே போக, அப்பா அவள் பின்னால் அவள் தட்டிய மரத்தையெல்லாம் தானும் தட்டிக்கொண்டே போனார். ஆறாவதோ ஏழாவதோ மரத்தில் அம்மா நின்றாள். அப்பா காது வைத்துக் கேட்டுவிட்டு, "இதுதானளா?" என்று கேட்டார். "இதுதான்" என்றாள். அப்பா அம்மாவிடம் சந்தேகம் கேட்டு அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு அடையாளம் வேண்டும் என்றால் சொல்கிறேன். காம்பு இருக்காது, பக்கவாட்டில் நேரே மரத்தில் ஒட்டியிருக்கும். மேலே வளையம், விளிம்பு வெள்ளை. அடியில் குடைக்காளானுக்கு உள்ளதுபோல் மடிப்பு இருக்காது, ஊசித்துளைகள்தான். கத்தியால் குறுக்கே வெட்டினால் உள்ளே மெல்லிய குழாய்கள் அடுக்கடுக்காகத் தெரியும். பழுப்புத் தூள்தான் அதன் விதை. பட்டுப்போன கெட்டி மரங்களில் வரும். சில சமயம் உயிரோடு நிற்கிற மரத்திலும் வரும். அப்போது அந்த மரத்துக்கடியில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். மரக்காளான் என்று பின்னால் புத்தகத்தில் பார்த்தேன். கானோடெர்மா வகை என்று என் மகள் போனில் தேடிச் சொன்னாள். பூங்கா அலுவலகத்தில் இன்று காலை அந்த வாகையைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கொடியேற்றத்தன்று மழை விட்டு வெயில் அடித்தது. வைரம் பாய்ந்த கறுத்த பனை கோயில் முன்னால் நின்றது. சித்தப்பா இடுப்பில் கயிற்றுச் சுருளோடு விறுவிறுவென்று ஏறினார். உச்சியில் கப்பியை மாட்டி, கயிற்றை அதில் விட்டு, ஒரு கையை விட்டுவிட்டுக் கீழே எங்களைப் பார்த்துக் கையசைத்தார். மரம் அசையவில்லை.

அவர் இறங்கியதும் சாமியார் கொடியை மந்திரித்தார். முதலில் கயிற்றைப் பிடிப்பது வழக்கமாக ஊர்த் தலைவர்தான். அவர் கயிற்றை எடுத்தார். பிடித்துக்கொண்டு நின்றவர், பெண்கள் பக்கம் திரும்பினார்.

"விறகுக்கடைத் தங்கச்சி, இங்கன வா."

அம்மா அசையாமல் நின்றாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவளுக்கு உறைக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் அவளை முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்கள். அவள் போகிற போக்கில் என் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு போனாள். கயிறு புதுத் தும்புக்கயிறு, உள்ளங்கையைக் கீறியது. என் கைமேல் அவள் கை இருந்தது. எங்களுக்குப் பின்னால் யாரோ கயிற்றைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்க்காமலே அது அப்பா என்று தெரிந்தது.

"இழுளா" என்றாள் அம்மா.

இழுத்தோம். வேட்டு வெடித்தது. கொடி காற்றுக்கு ஒருமுறை சுருண்டு, பிறகு விரிந்து, மேலே போயிற்று.